“இன்று செய்தி ஒன்றும் இல்லை!”

கிளியூர், சேர்வராயன் மலை

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி இரவு 8-45 மணிக்கு லண்டன் ஒலிபரப்பில் ஓர் அதிசயம் நடந்தது. அன்று பெரிய வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் ரேடியோப் பெட்டி வைத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் இரவுச் செய்திக்காகக் காத்திருந்தன. அறிவிப்பாளர் வந்தார், வணக்கம் கூறினார், இன்று பெரிய வெள்ளிக்கிழமை என்றார், செய்தி ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவுதான். செய்திக்கென்று ஒதுக்கியிருந்த கால் மணியில் மிச்சமிருந்ததைப் பியானோ வாசித்துக் கழித்தார்கள். பிறகு குவீன்ஸ் ஹாலில் நடந்துகொண்டிருந்த வாக்னரின் ‘பார்ஸிபால்’ இசை நாடகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதை இங்கிலாந்தில் இன்றும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ‘சற்றுமுன் கிடைத்த செய்தி’ என்று கூச்சலிடும் தொலைக்காட்சிகளைக் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு அந்தப் பழைய அடக்கத்தின் மீது பொறாமைகூட உண்டாகும். நமக்கும் அதில் மதிப்பு உண்டு. இல்லாத செய்தியை உண்டாக்கிச் சொல்வதைவிட, இல்லை என்று சொல்லிவிடுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இந்தியன் ஒருவன் அந்தத் தேதியைச் சற்று நிறுத்திப் படித்தானானால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

ஏனென்றால், அதே ஏப்ரல் 18-ந் தேதி இரவு சுமார் பத்து மணிக்கு, வங்காளத்தின் கிழக்கு மூலையிலுள்ள சிட்டகாங் நகரத்தில், சூரிய சென் என்ற பள்ளி ஆசிரியரின் தலைமையில் அறுபதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் போலீஸ் ஆயுதசாலையையும் துணைப்படையின் ஆயுதசாலையையும் கைப்பற்றினார்கள். 1916-ல் அயர்லாந்து தேசபக்தர்கள் ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் நகரில் செய்த எழுச்சியை மனத்தில் வைத்தே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். துப்பாக்கிகள் கிடைத்தன, குண்டுகள் கிடைக்கவில்லை. ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கச் சென்றவர்கள் அங்கே யாரையும் காணவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஆதலால் துரைமார்கள் கிளப்புக்கு வரவில்லை! லண்டனில் செய்தியைக் காலியாக்கிய அதே திருநாள் சிட்டகாங்கில் கிளப்பையும் காலியாக்கியிருந்தது. நான்கு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில் நடந்த சண்டையில் இளைஞர்கள் பன்னிருவர் மாண்டனர். சூரிய சென் 1934 ஜனவரி 12-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். அவர்கள் கைக்கொண்ட வழி காந்தியடிகளின் வழி அன்று. அது வேறு விவாதம்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், அன்றிரவு சிட்டகாங் விஷயம் லண்டனுக்குத் தெரிந்திருக்க இடமில்லை. அங்கே இரவு பத்து மணி என்றால் லண்டனில் மாலை ஐந்து மணி. இடையில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. அதோடு தந்தி, டெலிபோன் நிலையத்தை முதற்காரியமாக உடைத்தவர்களே அந்த இளைஞர்கள்தான். ரயில் பாதையையும் பெயர்த்துவிட்டார்கள். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் கம்பியில்லாத் தந்தி மூலமாகத்தான் அதிகாரிகள் கல்கத்தாவுக்குத் தகவல் அனுப்ப முடிந்தது. ஆகவே சிட்டகாங்கைக் காட்டி லண்டன் அறிவிப்பாளரைக் குற்றஞ்சாட்டுவது வம்பு.

ஆனால் இந்தியாவில் அன்று நடந்தது சிட்டகாங் மட்டுமா? ஏப்ரல் 6-ந் தேதி காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தாகிவிட்டது. 14-ந் தேதி ஜவாஹர்லால் நேரு கைது செய்யப்பட்டார். நம் தமிழ்நாட்டிலோ, 13-ந் தேதி திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டிருந்தார். லண்டனில் பியானோ ஒலித்த அந்த நாளில் அவர்கள் தஞ்சை ஜில்லாவின் சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். கலெக்டர் தார்ன், அவர்களுக்குச் சோறு போடுகிறவனும் திண்ணை கொடுக்கிறவனும் சிறைக்குப் போவான் என்று தண்டோராப் போட்டிருந்தார். ஜனங்களோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு சர்க்கார் தன் பிரஜைகளிடம், வழிப்போக்கனுக்குச் சோறிடாதே என்று உத்தரவிட நேர்ந்ததைவிடப் பெரிய செய்தி வேறு என்ன இருக்கக்கூடும்?

அது எப்படி ‘செய்தி இல்லை’ ஆயிற்று என்பதை அறிய, அந்தக் காலத்து லண்டன் ஒலிபரப்பு ஒரு நாளில் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1922 நவம்பர் 14-ந் தேதி ஒரு கம்பெனியாகத் தொடங்கி, 1927 ஜனவரி முதல் நாள் அரச சாசனம் பெற்ற பொது ஸ்தாபனமாகியது பி.பி.சி. 1930-ல் சுமார் முப்பது லட்சம் வீடுகள் வருஷத்துக்குப் பத்து ஷில்லிங் லைசென்ஸ் கட்டிக் கேட்டன. காலை 10-15-க்குப் பிரார்த்தனை. அதன்பின் மணியும் வானிலையும். பகலில் வாத்திய இசை. பிற்பகல் பள்ளிக்கூடங்களுக்குப் பாடம். மாலை 5-15-க்குக் குழந்தைகள் நேரம். சாயங்காலம் வந்தால்தான் முதற்செய்தி. பிறகு பிரசங்கம், கச்சேரி, நாடகம். கடைசியில் ஹோட்டல்களிலிருந்து நடன இசை. அறிவிப்பாளர் பெயர் சொல்லமாட்டார். கண்ணுக்குத் தெரியாத அந்த மனிதர் விருந்துக்குப் போகிறவரைப்போல் கறுப்பு அங்கி அணிந்துகொண்டுதான் மைக்கின் முன் உட்காருவார். 1930 மார்ச்சு 9-ந் தேதி முதல், புரூக்மன்ஸ் பார்க் நிலையத்தின் உதவியால் லண்டன்வாசிகள் இரண்டு நிகழ்ச்சிகளில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது.

மாலை வரையில் ஏன் செய்தி இல்லை? அது நம் இனத்தாராகிய பத்திரிகை முதலாளிகள் செய்த கைங்கரியம். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டால் எவன் பத்திரிகை வாங்குவான் என்று பயந்து, இரவு ஏழு மணிக்கு முன் செய்தி சொல்லக்கூடாது என்று ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு வாங்கிவிட்டார்கள். பிற்பாடு அது சிறிது சிறிதாகத் தளர்ந்தது. பி.பி.சி.க்குச் சொந்த நிருபர்கள் அக்காலத்தில் கிடையாது. ராய்ட்டர் முதலிய ஏஜன்ஸிகள் தருவதைத்தான் வாசிக்க வேண்டும்.

இவையெல்லாம் வெளிக் கட்டுகள். உள்ளே இருந்த கட்டு இன்னும் பலமானது. 1926 மே மாதத்தில் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்து பத்திரிகைகள் நின்றபோது, தினம் ஐந்து முறை செய்தி சொல்லும் பொறுப்பு ரேடியோவுக்கு வந்தது. அப்போது தொழிற்கட்சித் தலைவர் ராம்ஸே மக்டொனால்டுக்குப் பேச இடம் தரவில்லை. சமாதானம் சொல்ல முன்வந்த கான்டர்பரி ஆர்ச்பிஷப்பைக்கூடக் காக்க வைத்தார்கள். தலைவர் ரீத் அந்நாட்களில் தம் டயரியில் ஒளிக்காமல் எழுதிவைத்தார்: ஸ்தாபனத்தைச் சர்க்கார் கைப்பற்றத் தேவையில்லை, நாம் மெய்யான நடுநிலையில் இருக்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும் என்பது அதன் கருத்து. 1928 மார்ச்சு வரையில் விவாதத்துக்குரிய எந்த விஷயத்தையுமே மைக்கில் பேசக்கூடாதென்ற தடையும் இருந்தது. இந்தியாவைப் பற்றிப் பேசும் விஷயத்தில், நம்மைத் தூற்றத் துடித்துக்கொண்டிருந்த சர்ச்சில் துரைக்கே 1931-ல் கதவைச் சாத்தினார்கள். 1935 ஜனவரியில்தான், இந்திய மசோதா விவாதத்தின்போது, அவர் மைக்கின் முன் வந்தார். அவர் வாயை அடைத்ததில் நமக்குச் சந்தோஷம் உண்டென்று சொன்னால் அது சரியான தேசபக்தி ஆகாது. எதிரியின் வாயை அடைக்கும் துணி நம் வாய்க்கும் அளவாகத்தான் இருக்கும்.

இனிச் சென்னைக்கு வருவோம்.

ரேடியோ விஷயத்தில் சென்னை யாருக்கும் பின்தங்கியது அன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய சில ஆர்வமுள்ளவர்கள் 1924 மே 16-ந் தேதி சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பை அமைத்தார்கள். ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டார்கள். வைஸ்ராய் இர்வின் பிரபு பம்பாய் நிலையத்தைத் திறந்தது 1927 ஜூலை 23-ந் தேதி. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே சென்னையில் பாட்டுக் கேட்டது! முதலில் நாற்பது வாட் யந்திரம். பிறகு இருநூறு வாட். இன்றைக்கு ஒரு வீட்டு மின்விசிறிக்கும் சலவை இஸ்திரிக்கும் செலவாகும் சக்திகூட அதற்கு இல்லை. பணமில்லாமல் 1927 அக்டோபரில் கிளப் நின்றது. யந்திரத்தைச் சென்னை நகரசபைக்குக் கொடுத்துவிட்டார்கள். நகரசபை அதை 1930 ஏப்ரல் முதல் தேதி மீண்டும் பேச வைத்தது.

தேதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்படுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

நகரசபை ஒலிபரப்பின் ஒரு நாள் லண்டனின் நாளைப்போல நீண்டதன்று. மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை சங்கீதமும் கதையும். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் நாலு மணி முதல் நாலரை வரை சிறுவர்களுக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறையிலும் காலை பத்து முதல் பதினொன்று வரை சங்கீதம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை மட்டும் ஐரோப்பிய இசைத்தட்டுகள். பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். ஒரு நகரசபை தெருவிளக்குப் போடுவதுபோலப் பாட்டையும் பொதுச் செலவில் போட்டது பாராட்டத் தகுந்த காரியம். சபாவுக்கு டிக்கெட் வாங்க இயலாத எளியவனும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டான். லண்டன் கனவான்களுக்குக்கூடத் தோன்றாத யோசனை இது. அங்கே அவரவர் வீட்டுக்குள் அவரவர் பெட்டி.

ஆனால் நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தால் சங்கீதம், கதை, பாடம் இவைதாம். நாட்டில் நடப்பதைச் சொல்ல அதில் ஒரு வரி இடமில்லை. ஏப்ரல் 27-ந் தேதி திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உப்புச் சத்தியாக்கிரகக் கூட்டத்துக்கும் போலீஸாருக்கும் மூன்று மணி நேரம் மோதல் நடந்து மூவர் உயிரிழந்தனர். அதே தேதியில்தான் இர்வின் பிரபு பத்திரிகை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஜாமீன் கட்ட முடியாமலும் மனமில்லாமலும் எத்தனையோ பத்திரிகைகள் நின்றன. பம்பாயில் ரேடியோவைத் திறந்த கையே பத்திரிகைகளை மூடியது. பம்பாய், கல்கத்தா நிலையங்களையும் அந்த ஏப்ரல் முதல் தேதியன்று இந்திய சர்க்கார் தன் வசமாக்கிக்கொண்டுவிட்டது. 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்த ராஜாஜி 30-ந் தேதி உப்பெடுத்துச் சிறைபுகுந்தார். இதையெல்லாம் ஊருக்கு ஊர் கொண்டுபோனது வாய்ப்பேச்சும், ஒளித்து அச்சடித்த துண்டுப் பிரசுரமும், நாமக்கல் கவிஞர் எழுதித் தந்த நடைப்பாட்டுமே.

நாமக்கல் அன்று எங்கள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ராஜாஜி வக்கீல் தொழில் நடத்தியதும், 1917 முதல் நகரசபைத் தலைவராயிருந்ததும் சேலத்தில். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் விழும் இந்தக் கிளியூரின் அருகே மலைவிளிம்பில் நின்று கீழே பார்த்தால், அந்தத் தலைவரையும் அந்தப் பாட்டையும் கொடுத்த சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. சுற்றிலும் காப்பித் தோட்டம். 1820-ஆம் வருஷங்களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்த செடி அது. அதன் பின்னே தோட்டத் துரைமார்கள் வந்தார்கள். பங்களாக்களும் கிளப்பும் வந்தன. மலையாளிகள் என்று பெயர்கொண்ட மலைக்குடிகள் சொந்த மலையிலேயே கூலிக்காரர்களானார்கள்.

இப்படி உலகெங்கும் மலையிலும் காட்டிலும் தோட்டம் போட்டுக்கொண்டு ‘ஊர் ஞாபகத்தில்’ வாடிய வெள்ளையர்களை நினைத்தே 1932 டிசம்பர் 19-ந் தேதி பி.பி.சி. தன் சாம்ராஜ்ய ஒலிபரப்பைத் தொடங்கியது. மத்திய அலையும் நீண்ட அலையும் தரையைத் தடவிக்கொண்டு போய்ச் சில நூறு மைலில் களைத்துவிடும். சிற்றலையோ, வானத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் மோதித் திரும்பி, மீண்டும் தாவி, கடல்களைக் கடந்துவிடும். ஆறு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், கிப்ளிங் எழுதிக்கொடுத்த வாசகத்தைத் தம் சாம்ராஜ்யத்துக்குப் படித்தார். நமக்கு அது இரவு எட்டரை மணி. மன்னர் தம் குடும்பமென்று குறிப்பிட்ட அந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து கோடி இந்தியர்களும் அடக்கம். அவ்வமயம் காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார்.

லைசென்ஸ் கட்டணத்தையும் சொல்லிவிடுவோம். பிரிட்டனில் பத்து ஷில்லிங். இங்கே பத்து ரூபாய். அப்போது நம்மீது சுமத்தியிருந்த பதினெட்டுப் பென்ஸ் மாற்று விகிதத்தில் பத்து ஷில்லிங் என்பது 6 ரூபாய் 10 அணா 8 பைசா. ஏழைத் தேசத்தானுக்குப் பணக்காரத் தேசத்தானைவிட ஒன்றரை மடங்கு! 1930 முடிவில் அங்கே லைசென்ஸ் முப்பது லட்சத்துக்கு மேல் இருக்க, இந்த உபகண்டம் முழுவதிலும் எண்ணாயிரத்தை எட்டவில்லை என்றால் ஆச்சரியமென்ன?

பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். பி.பி.சி.யிலிருந்து வந்த லயனல் பீல்டன் 1936-ல் அகில இந்திய ரேடியோவுக்கு அந்தப் பெயர் சூட்டினார். 1938 ஜூன் 16-ந் தேதி எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. நகரசபை ஒலிபரப்பு அத்துடன் முடிந்தது. அன்று கவர்னர் எர்ஸ்கின் பிரபுவுடன் பேசியவர், அப்போது பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி. எட்டு வருஷங்களுக்கு முன் எவர் நடந்தது செய்தியாகவில்லையோ அவரே மைக்கின் முன் நின்றார். அடுத்த வருஷம் மே 16-ந் தேதி திருச்சி நிலையம் வந்தது. யுத்தம் வந்ததும் லண்டனுக்குத் தமிழின் ஞாபகமும் வந்தது: 1941-ல் பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ந் தேதி வரை வானொலியில் பேசிற்று.

ஆனால் 1942 ஆகஸ்டில் தலைவர்கள் எல்லோரும் சிறையிலிருந்தபோது, சர்க்கார் ரேடியோவில் காங்கிரஸின் குரல் கேட்க வழியில்லை. பம்பாயில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயது மாணவியும் அவர் தோழர்களும் 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். போலீஸார் மோப்பம் பிடிக்காதிருக்க யந்திரத்தை வீடு வீடாக மாற்றினார்கள். நவம்பர் 12-ந் தேதி பிடிபட்டார்கள். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1947-ல் அதே நவம்பர் 12-ந் தேதி, காந்தியடிகள் டெல்லி ரேடியோ நிலையத்துக்குச் சென்று குருக்ஷேத்திரத்தில் இருந்த அகதிகளுக்காகப் பேசினார். அவர் அந்த ஸ்தாபனத்தின் வாசற்படி மிதித்தது அந்த ஒருமுறைதான்.

சுயராஜ்யம் வந்தபின் ரேடியோவின் கட்டு அவிழ்ந்ததா? ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2001 முதல் தனியார் எப்.எம். நிலையங்கள் நடக்கின்றன. நூற்றுக்கணக்கான செய்தித் தொலைக்காட்சிகளுக்கு அனுமதி கொடுத்த டெல்லி சர்க்கார், எப்.எம். நிலையங்களுக்கு மட்டும் செய்தி கூடாதென்று விதித்தது. 2011-ஆம் வருஷக் கொள்கையில் ஒரு சலுகை வந்தது: அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்காணையம், மணிக்குப் பத்து நிமிஷம் இந்நிலையங்கள் தாமே செய்தி சொல்ல விடலாம் என்று சிபார்சு செய்தது. லண்டனில் பியானோவுக்குப் போன கால் மணியைவிடக் குறைவு. அதற்கே அத்தனை வருஷம் பிடித்தது! பெட்டிகளுக்குள் மலிவானது ரேடியோ; காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவளும் இடுப்பில் செருகிக்கொண்டு கேட்கக்கூடியது. தடையும் அதற்கே.

2011-ஆம் வருஷக் கொள்கை இன்னொன்றும் சொல்லுகிறது. போக்குவரத்து, வானிலை, பரீட்சை முடிவு, மின்சாரம், குடிநீர், இயற்கை விபத்து இவற்றைப் பற்றி உள்ளூர் அதிகாரிகள் கொடுக்கும் அறிவிப்பு செய்தியாகக் கருதப்படமாட்டாது, ஒலிபரப்பலாம். ஆகவே மழைக்காலத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால், பாதை மூடப்பட்டிருக்கிறது என்று கலெக்டர் அலுவலகம் தருவதை அந்த விதிப்படி ஒரு நிலையம் படிக்கலாம். சரிந்த இடத்தில் தடுப்புச் சுவர் ஏன் கட்டவில்லை என்று ஒருவரை அழைத்துக் கேட்டால் அது செய்தியாகிவிடும்.